பழைய ஸ்டீம் பாய்லரை மாத்தப் போறீங்களா, முதல்ல ரேடியேட்டரை எண்ணுங்க

பழைய வீடு வாங்கினவங்க நிறைய பேர் கேக்கற கேள்வி இது. கீழ பேஸ்மென்ட்ல ஒரு பெரிய இரும்புப் பாய்லர் இருக்கு, முப்பது நாப்பது வருஷம் ஆச்சு, வர்ற குளிருக்குத் தாங்காதுன்னு சொல்றாங்க, மாத்தணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு. ஸ்டீம் ஹீட்டிங் பத்தி ஒண்ணுமே தெரியாம இந்த வேலையில இறங்கறவங்களுக்காக, நான் என் வீட்டுல மாத்தினப்ப கத்துக்கிட்டதையும், என் மைத்துனர் வீட்டுல தப்பா மாட்டினதைத் திருத்தறப்ப கத்துக்கிட்டதையும் சேர்த்து முடிஞ்ச வரைக்கும் வரிசையா எழுதறேன்.

முதல்ல உங்க வீட்டுல இருக்கறது ஸ்டீம்தானான்னு பாத்துக்கோங்க, ஏன்னா சுடுதண்ணி சுத்தி வர்ற சிஸ்டமும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பாய்லர் பக்கத்துல நெட்டுக்குத்தா ஒரு கண்ணாடிக் குழாய் இருந்து அதுல பாதிக்குத் தண்ணி தெரிஞ்சா அது ஸ்டீம். ரேடியேட்டருக்கு ஒரே ஒரு பைப் போய், அதுக்கு எதிர்ப்பக்கம் சின்னதா ஒரு ஏர் வென்ட் இருந்தா அது ஒத்தை பைப் ஸ்டீம். ரெண்டு பைப் இருந்து, வெளிய வர்ற பக்கம் ஸ்டீம் ட்ராப் (ஸ்டீமை நிறுத்தித் தண்ணியை மட்டும் விடற சாதனம்) இருந்தா ரெட்டை பைப். இந்தக் கட்டுரையில நான் அதிகமா பேசப் போறது ஒத்தை பைப் பத்தி, ஆனா பாய்லர் மாத்தற விஷயம் ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒண்ணுதான்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு நிமிஷம் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். பாய்லர்ல முழுசா தண்ணி கிடையாது, பாதிக்கு மேல கொஞ்சம்தான். அது கொதிச்சு ஆவியாகறப்ப கிட்டத்தட்ட 1700 மடங்கு இடத்தை அடைக்கும், அந்த வேகத்துல பைப்புல இருக்கற காத்தைத் தள்ளிக்கிட்டே மேல போகும், காத்து வென்ட் வழியா வெளிய போனதும் ஸ்டீம் ரேடியேட்டருக்குள்ள நுழையும், அங்க சூட்டை வீட்டுக்குக் குடுத்துட்டு மறுபடி தண்ணியாகி, தன் பாரத்தாலேயே சரிஞ்சு பாய்லருக்குத் திரும்பி வந்துடும். பம்ப் கிடையாது. ஸ்லோப்பும் பைப் சைஸும் உயரக் கணக்கும்தான் மொத்த வேலையையும் பண்ணுது. அதனால பாய்லரை மட்டும் தனி டப்பாவா நினைச்சு ஃபிரிட்ஜ் மாத்தற மாதிரி மாத்த முடியாது. சுத்தி இருக்கற பைப்பும் பாய்லரோட ஒரு பாகம்தான், இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா பாதி தப்பு நடக்காது.

நிஜமாவே பாய்லர் போயிடுச்சா?

சத்தம் வருது, ஒரு ரூம் சூடாகலைன்னு சொல்லி நல்ல பாய்லரைக் கழட்டி எறிஞ்சவங்க உண்டு. பைப்புல மடார் மடார்னு அடிக்குதுன்னா பெரும்பாலும் எங்கேயோ ஸ்லோப் கெட்டுப்போய்த் தண்ணி தேங்கி நிக்குதுன்னு அர்த்தம். ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகலைன்னா அதோட வென்ட் அடைச்சிருக்கும், இல்லைன்னா வால்வ் பாதி திறந்திருக்கும் (ஒத்தை பைப்ல வால்வை முழுசா திறக்கணும் இல்லைன்னா முழுசா மூடணும், நடுவுல வெக்கவே கூடாது, ஏன்னா ஸ்டீம் போறதும் தண்ணி திரும்பறதும் அதே ஒரு வழிதான்). இதுக்கெல்லாம் புது பாய்லர் தீர்வு கிடையாது, புதுசு வந்தாலும் அதே சத்தம் அப்படியே வரும்.

பாய்லர் நிஜமாவே போயிடுச்சுன்னு சொல்றதுக்கு ஒரு அடையாளம், அடிக்கடி தண்ணி சேர்க்க வேண்டி வர்றது, ஆனா வீட்டுல எங்கேயும் ஒழுகலைங்கறது. குளிர் நாள்ல பாய்லர் ஓடறப்ப சிம்னியிலேர்ந்து வழக்கத்தை விட அடர்த்தியா வெள்ளைப் புகை போச்சுன்னா தண்ணி மட்டத்துக்கு மேல இரும்புல ஓட்டை விழுந்து ஸ்டீம் சிம்னி வழியா போயிட்டிருக்கலாம். சரிபாக்க ஒரு வழி இருக்கு. பாய்லரை ஆஃப் பண்ணி முழுசா ஆறவிட்டு, கண்ணாடிக்கு மேல, பாய்லர் உச்சி வரைக்கும் மெதுவா தண்ணி நிரப்பி, கொஞ்ச நேரம் விட்டு, கீழ பர்னர் பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. சொட்டுச் சொட்டா வந்தா அவ்வளவுதான், பாய்லர் முடிஞ்சுது. பாத்ததும் தண்ணியைப் பழைய மட்டத்துக்கு இறக்கிடுங்க.

ஒண்ணு ரொம்ப முக்கியம். கண்ணாடியில தண்ணியே தெரியலை, ஆனா பர்னர் எரிஞ்சிட்டிருக்குன்னா உடனே ஆஃப் பண்ணுங்க, தண்ணி மட்டும் விட்டுடாதீங்க. காஞ்சு சிவந்த இரும்புல பச்சைத்தண்ணி பட்டா வெடிப்பு விடும், அதை விட மோசமாவும் நடக்கலாம். மணிக்கணக்கா ஆறவிட்டுட்டுத்தான் கிட்ட போகணும்.

ரேடியேட்டரை எண்ணறது

இந்த ஒரு வேலையை நீங்களே பண்ணணும், வேற யாரையும் நம்பி விடாதீங்க. புது பாய்லர் எவ்வளவு பெருசா இருக்கணும்ங்கறதை முடிவு பண்றது பழைய பாய்லர்ல ஒட்டியிருக்கற பிளேட் கிடையாது. அந்தக் காலத்துல தாராளமா பெருசா போட்டிருப்பாங்க, அதுக்கப்புறம் வீட்டுல நாலு ரேடியேட்டரைக் கழட்டியிருப்பாங்க, யாருக்குத் தெரியும். வீட்டோட ஹீட் லாஸ் கணக்கும், அதாவது வீடு எவ்வளவு சூட்டை வெளிய விடுதுங்கற கணக்கும், இங்க உதவாது. அது சுடுதண்ணி சிஸ்டத்துக்கு சரி, ஸ்டீமுக்கு சரியில்லை. ஸ்டீம் பாய்லர் நிரப்ப வேண்டியது ரேடியேட்டரை, அதனால ரேடியேட்டர் எவ்வளவு ஸ்டீம் குடிக்குமோ அவ்வளவு ஸ்டீம் பாய்லர் தரணும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்.

ஒரு நோட்டு, ஒரு டேப் எடுத்துக்கிட்டு ரூம் ரூமா போங்க. ரேடியேட்டரைப் பக்கவாட்டுலேர்ந்து பாத்து, ஆழத்துக்கு எத்தனை தூண் இருக்குன்னு எண்ணுங்க, அதுக்குப் பேரு காலம் (column). அப்புறம் நீளத்துக்கு வரிசையா சேர்ந்திருக்கற துண்டுங்க, அதாவது எத்தனை செக்‌ஷன். அப்புறம் தரையிலேர்ந்து உயரம். இந்த மூணும் தெரிஞ்சா சார்ட் பாத்து ஒரு செக்‌ஷனுக்கு எத்தனை சதுர அடின்னு கண்டுபிடிச்சிடலாம். பழைய கேஸ்ட் அயர்ன் காலம் ரேடியேட்டர்ல 38 இன்ச் உயரத்துக்கு ரெண்டு காலம்னா செக்‌ஷனுக்கு 4 சதுர அடி, மூணு காலம்னா 5. உயரம் 26 இன்ச்னா ரெண்டு காலத்துக்கு 2.67, மூணு காலத்துக்கு 3.75. ஒல்லியான டியூப் ரேடியேட்டருக்குத் தனி சார்ட் இருக்கு, அதை இதோட கலந்துடாதீங்க. இந்த சதுர அடிங்கறது தரை அளவு இல்லை, சூடு குடுக்கற அளவு, இடிஆர்னு சொல்வாங்க. ஒரு சதுர அடி மணிக்கு 240 பிடியு (சூட்டை அளக்கற அலகு) குடுக்கும்.

என் வீட்டு ஹால்ல இருக்கறது மூணு காலம், 38 இன்ச், 8 செக்‌ஷன். 8 பெருக்கல் 5, அதாவது 40 சதுர அடி, மணிக்கு 9,600 பிடியு. இப்படியே எல்லா ரூமும் கூட்டினப்ப எனக்கு 310 சதுர அடி வந்துச்சு, 74,400 பிடியு. பைப்பை சூடாக்கறதுக்கும் ஆரம்பத்துல காத்தைத் தள்ளறதுக்கும் மேற்கொண்டு கொஞ்சம் வேணும், அதுக்கு வழக்கமா 1.33 ஆல பெருக்குவாங்க, அப்ப பாய்லரோட அவுட்புட் சுமார் 99,000 இருக்கணும். இங்கதான் புதுசா வர்றவங்க ஒரு தப்பு பண்றாங்க. புது பாய்லர் பிளேட்ல ஸ்டீம் சதுர அடின்னு போட்டிருக்கற நம்பர்ல அந்த 1.33 ஏற்கெனவே கழிச்சாச்சு. அதனால உங்க 310-ஐ அந்த நம்பரோட நேரடியா ஒப்பிட்டாப் போதும், மறுபடி ஒரு தடவை சேர்க்காதீங்க. சேர்த்தா பாய்லர் பெருசாகிடும். பெருசான பாய்லர் என்ன பண்ணும்னா ரேடியேட்டர் நிரம்பினதும் ஸ்டீமுக்குப் போக இடமில்லாம பிரஷர் ஏறி, பர்னர் அணைஞ்சு, இறங்கி, மறுபடி பத்திக்கிட்டு, இப்படியே இருக்கும், எரிபொருளும் வீணு பாய்லர் ஆயுசும் வீணு.

ஆளைத் தேர்ந்தெடுக்கறது

கேஸ், ஆயில் கனெக்‌ஷன், புகைக்குழாய், இதெல்லாம் லைசன்ஸ் உள்ள ஆள் பண்ண வேண்டிய வேலை, நீங்களே பண்ணலாம்னு நான் சொல்லவே மாட்டேன், தப்பாச்சுன்னா கார்பன் மோனாக்சைடு, உயிர் விஷயம். ஆனா யாரைக் கூப்பிடறதுங்கறது உங்க கையில இருக்கு. நான் பாத்த வரைக்கும் நல்ல சோதனை ஒண்ணே ஒண்ணுதான், வந்தவர் மாடி ஏறி ரேடியேட்டரைப் பாக்கறாரா? பேஸ்மென்ட்ல பழைய பாய்லர் பிளேட்டை ஃபோட்டோ எடுத்துட்டு விலை சொல்லிட்டுப் போறவர் வேண்டாம். உங்க நோட்டுக் கணக்கை அவர்கிட்ட காட்டாம, அவர் கணக்கு என்ன வருதுன்னு கேளுங்க, ரெண்டும் பக்கத்துல இருந்தா நம்பலாம். பாய்லர் மேனுவல்ல இருக்கற பைப்பிங் படத்தை பிரிண்ட் எடுத்து, இதே மாதிரிதான் போடணும்னு எழுத்துல வாங்கிக்கோங்க. பின்னாடி வாய்ப்பேச்சா சொன்னது நிக்காது.

பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி

பழைய பைப் மேல வெள்ளையா மாவு பூசின மாதிரி, துணி சுத்தின மாதிரி இன்சுலேஷன் இருந்தா அது ஆஸ்பெஸ்டாஸா இருக்க வாய்ப்பு அதிகம். கையால தொடாதீங்க, பெருக்காதீங்க, அதுக்குன்னு இருக்கற ஆளுங்க வந்து டெஸ்ட் பண்ணி எடுக்கட்டும், பாய்லர் ஆளுங்க வர்றதுக்கு முன்னாடியே அது முடிஞ்சிருக்கணும்.

அப்புறம் ஒரு அளவு குறிச்சுக்கோங்க. பழைய பாய்லர் கண்ணாடியில தண்ணி எங்க நிக்குதோ அந்த உயரத்தைத் தரையிலேர்ந்து அளந்து, பக்கத்துச் சுவத்துல ஒரு கோடு போட்டு வைங்க. புது பாய்லரோட தண்ணி மட்டம் பெரும்பாலும் வேற உயரத்துல இருக்கும். பழைய காலத்துல தண்ணி மட்டத்துக்குக் கீழ முழுகி இருந்த ரிட்டர்ன் பைப் (தண்ணியைப் பாய்லருக்குத் திருப்பிக் கொண்டு வர்ற பைப்), புது மட்டத்துக்கு மேல வந்துட்டா அதுக்குள்ள ஸ்டீம் புகுந்து ஒரு லைன்ல வர்றது இன்னொரு லைன்ல போய், அது வரைக்கும் இல்லாத சத்தமெல்லாம் ஆரம்பிக்கும். அதே மாதிரி தண்ணி மட்டத்துக்கும் ஸ்டீம் மெயினோட (பாய்லர்லேர்ந்து வீட்டுக்கு ஸ்டீமைக் கொண்டு போற பெரிய பைப்போட) கடைசி, தாழ்வான முனைக்கும் நடுவுல போதுமான உயரம் இருக்கணும், சாதாரண வீட்டு ஒத்தை பைப் சிஸ்டத்துக்கு 28 இன்ச் கணக்கு வெப்பாங்க. பைப்புல போற வழியில ஸ்டீம் கொஞ்சம் பிரஷர் இழக்கும், அந்தக் குறையை ரிட்டர்ன்ல ஏறி நிக்கற தண்ணியோட பாரம்தான் ஈடுகட்டும், அதுக்குத்தான் அந்த உயரம். புது பாய்லர் குட்டையா இருந்தா சிமென்ட் கட்டை அடுக்கி மேடை மேல தூக்கி வெச்சுப் பழைய மட்டத்துக்குக் கொண்டு வரலாம்.

சிம்னியும் அப்பவே பாக்கச் சொல்லுங்க. புது பாய்லர் சின்னதா இருந்தா பழைய பெரிய சிம்னிக்குள்ள புகை சீக்கிரம் ஆறி ஈரம் படியும், லைனர் (சிம்னிக்குள்ள போடற குழாய்) வேண்டி வரலாம்.

தரையோட ஓடற ரிட்டர்ன் பைப்பை இந்த சமயத்துலயே மாத்திடுங்க. என் வீட்டுல அதை வெட்டி எடுத்தப்ப உள்ள பாத்தேன். முக்கால்வாசி துருவும் சேறும் அடைச்சு, காப்பித்தூள் மாதிரி கருப்பா, பென்சில் நுழையற அளவுக்குத்தான் ஓட்டை இருந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டுப் புது பாய்லர் மாட்டியிருந்தா தண்ணி திரும்பி வர்றதுக்கு நேரமாகி, பாய்லர் தண்ணி குறைஞ்சு, தானா தண்ணி விடற ஃபீடர் வேற புதுத் தண்ணியை விட்டு, கடைசியில எல்லாம் ஒண்ணா திரும்பி வந்து பாய்லர் நிரம்பி வழிஞ்சிருக்கும்.

பாய்லரைச் சுத்தி இருக்கற பைப்

என் மைத்துனர் வீட்டுல நடந்தது இங்கதான். புது பாய்லர், நல்ல பாய்லர், சைஸ் கூட சரி. ஆனா மாட்டினவர் சீக்கிரம் முடிக்கணும்னு காப்பர் பைப்புல, ஒரே ரைசர் (பாய்லர்லேர்ந்து நேரா மேல ஏறற பைப்) வெச்சு, அது போய்ச் சேர்ற ஹெட்டர்ங்கற படுக்கைப் பைப்பைத் தாழ்த்திப் போட்டுட்டுப் போயிட்டார். முதல் குளிர்லயே மேல் மாடி ஏர் வென்ட்லேர்ந்து தண்ணி துப்புச்சு, ராத்திரி பூரா சத்தம், குழந்தை தூங்கலை. நான் போய் கண்ணாடியைப் பாத்தேன், தண்ணி நிக்கவே இல்லை, மூணு நாலு இன்ச் குதிச்சுக் குதிச்சு இறங்குது. தண்ணியும் ஸ்டீமும் கலந்தே மேல போயிட்டிருக்குன்னு அப்பவே தெரிஞ்சுது. மறுபடி பிரிச்சு, மேனுவல்ல இருக்கறபடி இரும்புப் பைப்புல போட்டதும் அதே பாய்லர் சத்தமே இல்லாம ஓடுது.

படம் எப்படி இருக்கணும்னா, பாய்லர் உச்சியிலேர்ந்து ரைசர் நேரா மேல ஏறும், மேனுவல் ரெண்டு சொன்னா ரெண்டும் போடணும். அது ஹெட்டர்ல போய்ச் சேரும். ஹெட்டர் தண்ணி மட்டத்துலேர்ந்து குறைஞ்சது 24 இன்ச் மேல இருக்கணும், அந்த உயரத்துல ஸ்டீம் ஏறறப்பத்தான் கூட வர்ற தண்ணித்துளி கீழ விழும். ஹெட்டர்ல வரிசை முக்கியம், முதல்ல பாய்லர் ரைசரெல்லாம், அதுக்கப்புறம் வீட்டுக்குப் போற மெயின், கடைசியில ஈக்வலைசர். ரெண்டு பாய்லர் ரைசருக்கு நடுவுல மெயினை எடுத்தா ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வர்ற ஸ்டீம் அங்க மோதி தண்ணியை மேல அள்ளிட்டுப் போயிடும். ஈக்வலைசர்ங்கறது ஹெட்டர் முனையிலேர்ந்து பாய்லரோட அடிப்பாகத்துக்கு நேரா இறங்கற பைப், ஹெட்டர்ல பிரிஞ்ச தண்ணியை அது கீழ கொண்டு வந்துடும், மேலயும் கீழயும் பிரஷரை சமமா வெக்கும். வீட்டுலேர்ந்து வர்ற ரிட்டர்ன் பைப் இந்த ஈக்வலைசர்ல, தண்ணி மட்டத்துக்கு ரெண்டுலேர்ந்து நாலு இன்ச் கீழ வந்து சேரணும். இதுக்குத்தான் ஹார்ட்ஃபோர்ட் லூப்னு பேரு. ஹார்ட்ஃபோர்ட் ஸ்டீம் பாய்லர் இன்சூரன்ஸ் கம்பெனி 1919-ல கொண்டு வந்தது. ரிட்டர்ன் பைப் எங்கேயாவது உடைஞ்சு ஒழுகினாலும் அந்த மட்டத்துக்குக் கீழ பாய்லர் காலியாகாது, அதான் விஷயம். அந்த இடத்துல சேர்க்கற நிப்பிள் (இணைக்கற பைப் துண்டு) எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது, நீளமா போட்டா அங்கேயே தண்ணி அடிக்க ஆரம்பிக்கும்.

காப்பர் ஏன் வேண்டாம்னா, சூட்டுல அது இரும்பை விட அதிகமா நீளும், சால்டர் ஜாயின்ட் இழுபட்டு விட்டுப்போகும். மரை வெட்டின இரும்புப் பைப்னா கொஞ்சம் திரும்பிக் குடுக்கும், பாய்லர் செக்‌ஷனையும் இழுக்காது.

முதல் தடவை பத்த வெக்கறது

தண்ணி நிரப்பினதும் அன்னிக்கே கொதிக்க வைங்க, புதுத் தண்ணியில இருக்கற ஆக்ஸிஜன் வெளிய போகணும், இல்லைன்னா அதுவே இரும்பை அரிக்கும். சேஃப்டி வால்வ் 15 பிஎஸ்ஐ-ல (பிரஷரை அளக்கற அலகு) திறக்கறது, அதோட வாய்க்குப் பைப் போட்டு தரைக்குப் பக்கத்துல இறக்கியிருக்கணும், அந்தப் பைப்ல வால்வோ மூடியோ எதுவும் இருக்கவே கூடாது. பிரஷர் கன்ட்ரோலை 0.5 பிஎஸ்ஐ-ல பர்னர் பத்திக்கிட்டு 1.5-ல அணையற மாதிரி வைங்க. வீடு சூடாகலைன்னு பிரஷரை ஏத்தறவங்க இருக்காங்க, அதனால ஒண்ணும் நடக்காது, ஸ்டீம் குறைஞ்ச பிரஷர்லதான் வேகமா போகும், காத்து வெளிய போகாததுதான் பிரச்சினையா இருக்கும், மெயின் முனையில பெரிய வென்ட் போட்டாலே பாதி சரியாகிடும்.

இதுக்கப்புறம் யாரும் செய்யாம விடற வேலை, ஸ்கிம்மிங். மரை வெட்டறப்ப போட்ட எண்ணெய், பாய்லர் தயாரிக்கறப்ப ஒட்டின எண்ணெய் எல்லாம் தண்ணி மேல ஏடா மிதக்கும், அதுக்குக் கீழேர்ந்து வர்ற குமிழி உடையாம பால் பொங்கற மாதிரி பொங்கி மேல ஏறும். கீழ இருக்கற டிரெயினைத் திறந்தா இது போகாது, எண்ணெய் இருக்கறது மேல. பாய்லர் பக்கவாட்டுல தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல ஸ்கிம் பண்றதுக்குன்னு ஒரு ஓட்டை இருக்கும், அதுல பைப் போட்டுக் குடுக்கச் சொல்லி முதல்லயே கேட்டுக்கோங்க. தண்ணியை சூடாக்கி, ஆனா ஸ்டீம் ஆகாம பர்னரை அணைச்சுட்டு, உள்ள வர்ற தண்ணியை மிக மெதுவா விடணும், அந்தப் பைப்லேர்ந்து பென்சில் பருமனுக்குத்தான் பக்கெட்ல விழணும். வேகமா விட்டா ஏடு கலங்கிடும். முதல் பக்கெட்டுல நிறநிறமா எண்ணெய்ப் படலம் சுழலறது கண்ணுக்கே தெரியும், வாடையும் அடிக்கும். ரெண்டு மூணு மணி நேரம் பொறுமையா உக்காருங்க. முடிஞ்சதும் மறுபடி ஒரு தடவை கொதிக்க வெச்சுடுங்க. ஒரு தடவையில முடியாது, பைப்புல இருக்கற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமா கழுவி வந்துட்டே இருக்கும், முதல் மாசத்துல மூணு நாலு தடவை பண்ண வேண்டி வரலாம். பாய்லர் நல்லா கொதிக்கறப்ப கண்ணாடியில தண்ணி முக்கால் இன்ச்சுக்கு மேல ஆடலைன்னா போதும்னு அர்த்தம்.

தெர்மோஸ்டாட்ல ஸ்டீம்னு செட்டிங் இருக்கும், மணிக்கு ஒரு சைக்கிள் (பர்னர் பத்தி அணையறது ஒரு தடவை), அதை மறக்காம மாத்துங்க. மெயின் பைப்புக்கு ஒரு இன்ச் ஃபைபர்கிளாஸ் இன்சுலேஷன் சுத்துங்க, இல்லைன்னா ஸ்டீம் பேஸ்மென்ட்லயே தண்ணியாகி நின்னுடும். பர்னர் ஓடறப்ப காம்பஷன் டெஸ்ட் (எரிபொருள் சரியா எரியுதான்னு புகையை அளந்து பாக்கறது) எடுத்து, வர்ற ரிசல்ட்டை உங்ககிட்ட குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. படுக்கற ரூம் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லைன்னா அன்னிக்கே மாட்டுங்க.

தண்ணி குறைஞ்சா பர்னரை அணைக்கற கட்-ஆஃப் மிதவை மாடலா இருந்தா வாரம் ஒரு தடவை பர்னர் ஓடறப்பவே கீழ வால்வைத் திறந்து, அழுக்குத் தண்ணி போய்த் தெளிஞ்சு வர்ற வரைக்கும் பக்கெட்ல விடுங்க, அப்ப பர்னர் தானா அணையணும், அணையலைன்னா ஆஃப் பண்ணிட்டு ஆளைக் கூப்பிடுங்க. ஃபீடர்ல நம்பர் காட்டற மீட்டர் இருந்தா அந்த நம்பரை வாரா வாரம் பாய்லர் பக்கத்துல ஒரு அட்டையில எழுதுங்க. என்னோடதுல முதல் மாசம் ஏறிக்கிட்டே இருந்துச்சு, தேடிப் பாத்தா படிக்கட்டுக்குப் பின்னாடி ஒரு ரேடியேட்டர் வால்வ் நட்டுல ஸ்டீம் கசிஞ்சிட்டிருந்தது, அரைத் திருப்பு இறுக்கினேன், அதுக்கப்புறம் அந்த நம்பர் அசையவே இல்லை.